பகலில் தூங்குபவர் அறைக்கு ஸ்கிரீன் லைனிங்: பிளாக்அவுட்டா, காட்டனா, நடுவில் இன்னொரு அடுக்கா?

மலைவீடு, கிருஷ்ணகிரி:

வணக்கம். ஆவணியில் புது வீட்டுக்குக் குடி வந்தோம். இன்னும் ஜன்னல்களில் பழைய பெட்ஷீட்தான் தொங்குகிறது. இந்த மாதமாவது ஸ்கிரீன் தைத்து மாட்டிவிட வேண்டும் என்று இருக்கிறேன். மேல் துணி எடுத்தாயிற்று, குழப்பமெல்லாம் பின்னால் வைக்கிற லைனிங்கில்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. மாதத்தில் இரண்டு வாரம் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் காலை ஏழரைக்கு இறக்கிவிடும், குளித்துச் சாப்பிட்டுப் படுக்க எட்டரை ஆகிவிடும். படுக்கையறையின் பெரிய ஜன்னல் கிழக்குப் பார்த்தது, ஆறடி அகலம். அவர் படுக்கிற நேரம் பார்த்துத்தான் வெயில் நேராகக் கட்டில் மேல் விழுகிறது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார், பதினொரு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார், கண் சிவந்திருக்கும், பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அறையில் ஏசி இல்லை, ஃபேன்தான். வடக்கே ஒரு சின்ன ஜன்னலும் உண்டு.

ஹால் ஜன்னல் மேற்கு. மதியம் இரண்டு மணிக்கு மேல் சோபாவில் கை வைக்க முடியாது. ஹைவே பக்கம்தான் என்பதால் லாரிச் சத்தமும் புழுதியும் சேர்ந்து வருகிறது.

மூன்றாவது பூஜை அறை வாசல். மாமியார் தன்னுடைய அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்து, "கட்டிக்கொள்ள ஆள் இல்லை, சாமி வாசலிலாவது இருக்கட்டும்" என்றார். அதை வீணாக்கிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

துணி எடுத்த கடையில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே பிளாக்அவுட் லைனிங் போட்டுவிடலாம் என்கிறார்கள். டெய்லரோ, மேல் துணியே கனம், லைனிங்கே வேண்டாம் என்கிறார். வீடியோக்களில் பார்த்தால் மேல் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் இன்டர்லைனிங் என்று மூன்றாவதாக ஒரு துணி வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டுமா? தைத்த அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் தையல்:

தங்கச்சி, நான் இருபது வருடத்துக்கு மேல் ஸ்கிரீன் தைக்கிறேன். முதலில் ஒன்று, எல்லா ஜன்னலுக்கும் ஒரே லைனிங் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடைக்காரருக்கு ஒரே தானில், அதாவது ஒரே துணிச் சுருளில், வெட்டுவது சுலபம், ஆனால் உங்கள் வீட்டில் மூன்று இடத்துக்கு மூன்று விதமான வேலை இருக்கிறது. கிழக்கு ஜன்னலுக்கு இருட்டு வேண்டும், மேற்குக்கு வெயில் தடுக்க வேண்டும், பட்டுக்கு அடியில் ஒரு தாங்கல் வேண்டும்.

பிளாக்அவுட் என்று விற்பதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, நெய்யும்போதே நடுவில் கறுப்பு நூலை விட்டு நெய்தது. துணி மாதிரியே மடியும், தண்ணீரில் துவைக்கலாம், ஆனால் முழு இருட்டு வராது, விடியற்காலை மாதிரி ஒரு மங்கல் இருக்கும். இன்னொன்று, துணியின் ஒரு பக்கம் நுரைப் பூச்சு பூசியது. தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். இதில் இரண்டு பூச்சு, மூன்று பூச்சு என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பூச்சில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை, அவ்வளவுதான். அதனால் துணிப் பக்கம் திருப்பினால் சாம்பல் நிறம் அடிக்கும், உங்கள் மேல் துணி வெளிர் நிறமாக இருந்தால் அது அழுக்குப் பிடித்த மாதிரி தெரியும். மூன்று பூச்சில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இரண்டு பக்கமும் வெள்ளையாகவே இருக்கும், இருட்டும் முழுசாக வரும்.

பூச்சுத் துணியில் எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஊசி குத்தின ஓட்டை மூடாது. குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால், தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தால், வெயில் நேரத்தில் ஜன்னலில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். நான் குண்டூசிக்குப் பதில் துணி கிளிப்தான் போடுவேன், மெல்லிய ஊசி, தையலும் நீளமாக. உங்கள் டெய்லர் பூச்சுத் துணி தைத்துப் பழக்கமில்லாதவர் என்றால் ஒரு ஜன்னலுக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட நடு அடுக்கு. குளிர் நாடுகளில் தடித்த பஞ்சுத் துணியை நடுவில் வைப்பது குளிருக்கு. கம்பளி போர்த்துவது போலத்தான். நம் கிருஷ்ணகிரி ஹால் ஜன்னலுக்கு அது வேண்டாம். ஆனால் படுக்கையறைக்கு அந்த நடு அடுக்கு என்கிற யோசனையை நான் வேறு மாதிரி பயன்படுத்துவேன். மேல் துணி, நடுவில் நெருக்கமாக நெய்த கறுப்பு பாப்ளின், பின்னால் வெள்ளைக் காட்டன் லைனிங். கறுப்பு பாப்ளின் என்றால் உள்பாவாடை தைக்கிற துணிதான், அதில் நல்ல ரகமாகப் பாருங்கள். கடையிலேயே செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துவிடும். மூன்றும் துணிதான் என்பதால் உரிவதற்கு ஒன்றுமில்லை, ஊசி ஓட்டை தெரியாது, துவைக்கலாம். வெளியே பார்க்கிற பக்கம் வெள்ளை இருப்பதால் வெயிலைக் கொஞ்சம் திருப்பிவிடும். கறுப்பு நேராகக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி மட்டும் வைத்துவிடாதீர்கள், அது சூட்டை வாங்கி அறைக்குள் கொடுக்கும்.

வெட்டுவதற்கு முன் மூன்று தண்ணீர் அலசி, சாயம் போவது நின்ற பிறகுதான் கறுப்பைத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே வெள்ளை லைனிங் சாம்பலாகிவிடும்.

மேல் துணி என்ன நிறம் என்று சொல்லவில்லையே? கிரீம், சந்தனம் மாதிரி வெளிர் நிறம் என்றால் பின்னால் கறுப்பு இருப்பது தெரியும்.

ஓசூர் ஜன்னலோரம்:

காவேரிப்பட்டணம் அண்ணன் சொன்னதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் பூச்சு லைனிங் வைத்துத் தைத்து வாங்கினேன். எப்படித் துவைப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பொங்கலுக்கு எல்லாவற்றையும் கழற்றி வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் வைத்துப் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது பூச்சு செதில் செதிலாக உரிந்து மேல் துணி முழுக்க வெள்ளைத் துகளாக ஒட்டியிருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன், மறுபடி அலசினேன், போகவே இல்லை. மேல் துணியும் போச்சு. கடையில் போய்க் கேட்டதற்கு இதற்கெல்லாம் டிரை கிளீனிங்தான் என்று அப்போதுதான் சொன்னார்கள். பூச்சுத் துணிதான் வேண்டும் என்றால் பச்சைத் தண்ணீரில் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முறுக்கிப் பிழியக் கூடாது, இஸ்திரி போட வேண்டுமென்றால் துணிப் பக்கம் மட்டும், அதுவும் சூடு குறைவாக.

அதற்கு அப்புறம் நான் லைனிங்கைத் தனியாகக் கழற்றுகிற மாதிரிதான் தைக்கிறேன். லைனிங்குக்குத் தனி டேப், தனிக் கொக்கி, மேல் துணியின் கொக்கி மாட்டுகிற, டிராக்கில் நகர்கிற அதே ரன்னரில் இதையும் மாட்டிவிடலாம். ஹைவே புழுதி என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு இது கண்டிப்பாக வேண்டும். புழுதி முதலில் லைனிங்கில்தான் படியும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும், மேல் துணியை வருடத்துக்கு ஒரு தடவை தொட்டால் போதும்.

நடு அடுக்கு பற்றி இன்னொரு பக்கமும் சொல்கிறேன். ஓசூரில் மார்கழி, தையில் ராத்திரிக் குளிர் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பழைய மர ஜன்னல், கதவு மூடினாலும் விரல் அளவு இடுக்கு இருக்கும். அந்த அறைக்கு மட்டும் நடுவில் ஃபிளானல் வைத்துத் தைத்தேன், குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற அதே ஃபிளானல்தான். அதை மேல் துணியோடு கையால் பிடித்துத் தைக்க வேண்டும், நூல் தளர்வாக, ஒன்றரை அடிக்கு ஒரு வரிசை, மேல் துணியில் ஓரிரண்டு இழையை மட்டும் எடுத்து. மெஷினில் அடித்தால் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்கிரீனுக்கு எனக்கு நான்கு சாயங்காலம் ஆனது. ஆனால் முடித்துத் தொங்கவிட்டதும் மடிப்பு ஒவ்வொன்றும் தூண் மாதிரி உருண்டு நின்றது, சாதாரணத் துணியா என்று கேட்கிற அளவுக்கு. குளிரும் அடங்கியது. வெயில் ஊருக்கு அது தேவையில்லை என்பது சரிதான், ஆனால் உங்கள் மாமியாரின் பட்டுக்கு ஃபிளானல் வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வேன். பட்டு தனியாகத் தொங்கினால் ஒட்டி ஒட்டி நிற்கும், அடியில் ஃபிளானல் இருந்தால் புடவை உடுத்தின ஆளே நிற்கிற மாதிரி ஒரு நிறைவு வரும்.

பாலக்கோட்டுத் தோட்டம்:

ஹால் மேற்கு ஜன்னலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் தையல் தெரிந்தவன் இல்லை, ஆனால் மேற்கு வெயிலோடு பத்து வருடம் போராடியிருக்கிறேன்.

கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை எந்தத் துணியும் முழுசாகத் திருப்பி அனுப்பாது. ஸ்கிரீன் சூடாகும், அந்தச் சூடு அறையில்தான் இறங்கும். அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கிற கணக்கே இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் பின்புறம் வைத்த நடுத்தர நிற ஸ்கிரீன் வெயில் சூட்டை 33 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். அதே வெயிலை ஜன்னலுக்கு வெளியே சாய்ப்பு போட்டுத் தடுத்தால், மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். நம் தாத்தா காலத்தில் வெளித்திண்ணையில் மூங்கில் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தது இதற்குத்தான்.

என்னிடம் தக்காளி நாற்றங்காலுக்கு வாங்கிய பச்சை நிழல் வலை மீதம் இருந்தது. சன்ஷேடிலிருந்து கீழே கம்பி கட்டி, கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி அதைச் சாய்வாக இழுத்துக் கட்டினேன். பங்குனியில் கட்டினேன், சித்திரையில் ஹால் தரை கால் வைக்கிற மாதிரி இருந்தது. வலை கண்ணாடியை ஒட்டி இருக்கக் கூடாது, நடுவில் காற்று ஓடணும். அழகு வேண்டும் என்றால் மூங்கில் தட்டி வாங்கிக் கட்டுங்கள். வெளியே இது இருந்தால் உள்ளே வெறும் வெள்ளைக் காட்டன் லைனிங் போதும், பிளாக்அவுட் போட்டு ஹாலை மதியமே இருட்டாக்கி லைட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

லாரிச் சத்தத்துக்கு ஸ்கிரீன் மருந்து கிடையாது. கனத் துணி போட்டால் அறைக்குள் எதிரொலி அடங்கும், டிவி சத்தம் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். லாரிச் சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் ஜன்னல் இடுக்கை அடைக்கிற வேலையைப் பாருங்கள், அதில் புழுதியும் குறையும்.

மலைவீடு, கிருஷ்ணகிரி:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன், வீட்டுக்காரரும் பஸ்ஸில் வரும்போது படித்தாராம்.

காவேரிப்பட்டணம் அண்ணா, படுக்கையறை மேல் துணி கருநீலம், நல்ல கனம், அதனால் கறுப்பு தெரியாது என்று நினைக்கிறேன். பன்னா, அதாவது துணி அகலம், 48 இன்ச். ராடு ஏழடி வைக்கலாம் என்று இருக்கிறோம், ஸ்கிரீன் முடிந்த உயரம் ஏழடி. எத்தனை மீட்டர் பாப்ளின், எத்தனை மீட்டர் வெள்ளை லைனிங் வாங்குவது என்று தெரியவில்லை. ரிங் வைத்துத்தான் தைக்கலாம் என்று டெய்லர் சொன்னார். அப்புறம் காற்று? மூன்று அடுக்கு போட்டுவிட்டால் அவருக்குப் புழுக்கமாகிவிடாதா?

ஓசூர் அக்கா, பட்டுக்கு ஃபிளானல் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் புடவையில் மடிப்பு விழுந்த இடங்கள் கொஞ்சம் இற்றுப்போன மாதிரி இருக்கிறது. விரலால் தடவினால் சின்னதாக ஒரு சரசரப்பு. தாங்குமா?

காவேரிப்பட்டணம் தையல்:

கருநீலம் என்றால் கவலையே இல்லை.

கணக்குப் பார்ப்போம். ராடு ஏழடி, அதாவது 84 இன்ச். ஸ்கிரீன் சுருங்கி நிற்க இரண்டு மடங்கு துணி வேண்டும், 168 இன்ச். 48 பன்னாவில் மூன்றரை வரும், நான்கு பீஸாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் இரண்டு இரண்டாக. மேல் துணி ஒவ்வொரு பீஸும் முடிந்த உயரம் 84, கீழே மூன்று மூன்று இன்ச்சாக இரட்டை மடிப்புக்கு 6, மேலே பக்ரம் என்கிற விறைப்புப் பட்டை வைத்து மடிக்க 6, ஆக 96 இன்ச். இரண்டரை மீட்டர் வீதம் நான்குக்குப் பத்து மீட்டர். நீங்கள் எடுத்துவிட்ட துணி இந்த அளவு இருக்கிறதா பாருங்கள்.

லைனிங் மேல் துணியை விட ஒரு இன்ச் மேலே நிற்க வேண்டும், அப்போதுதான் கீழே எட்டிப் பார்க்காது. 83 இன்ச், கீழ் மடிப்புக்கு 4, மேலே 1, ஆக 88. நான்கு பீஸுக்கு 352 இன்ச், ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காட்டன் முதல் தண்ணீரில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்கும் என்று வைத்து ஒன்பதரை மீட்டர் வாங்குங்கள். கறுப்பு பாப்ளினும் அதே ஒன்பதரை. அதன் பன்னா குறைவாக இருந்தால் பீஸ் கூட்டிக்கொள்ளணும், வாங்கும்போதே கேளுங்கள். இரண்டையும் வெட்டாமல் முழுத் துணியாகவே ஒரு ராத்திரி ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் கத்தரிக்கோல். லைனிங் துவைக்காமல் தைத்தவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன், ஒரே வருடத்தில் லைனிங் சுருங்கி மேல் துணியின் ஓரத்தைச் சுருட்டி மேலே தூக்கியிருக்கும். அதைச் சரிசெய்ய முழுசாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

அதே காரணத்துக்காகக் கீழ் ஓரத்தில் மூன்று துணியையும் சேர்த்து அடிக்கக் கூடாது. மேல் துணிக்குத் தனி மடிப்பு, லைனிங்குக்குத் தனி மடிப்பு. பக்கவாட்டில் மட்டும் சேரட்டும். மூலைக்கு மூலை ஒரு வாஷரைத் துணியில் சுற்றி மடிப்புக்குள் வைக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீன் நேராக நிற்கும். சுற்றாமல் வைத்தால் துரு துணியில் இறங்கும்.

ஓசூர் சகோதரி சொன்ன கழற்றும் லைனிங் ஹாலுக்கு மிகவும் நல்லது, அப்படியே செய்யுங்கள். படுக்கையறையில் மட்டும் மூன்றையும் சேர்த்தே தையுங்கள், தனித்தனியாகத் தொங்கினால் பக்கத்தில் வெளிச்சம் நுழையும்.

ரிங் இந்த அறைக்கு வேண்டாம். ரிங் ஸ்கிரீன் ராடுக்கு மேலே அலை அலையாக நிற்கும், அலைக்கு அலை வெளிச்சம் மேலே ஏறிக் கூரையில் அடிக்கும். பகலில் தூங்குபவருக்கு அந்தக் கீற்றே போதும், விழிப்பு வந்துவிடும். மேலே மடிப்பு மடிப்பாகப் பிளீட் வைத்துத் தைத்து, டிராக்கைக் கூரையோடு ஒட்டிப் போடுங்கள். கூரையில் போட்டால் உயரம் கூடும், அதை அளந்து மேலே சொன்ன 84, 83 இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். பிளீட்டுக்கு இரண்டு மடங்கு துணி சற்று இறுக்கம்தான், நான்கு பீஸில் 192 இன்ச் வருவதால் போதும். நடுவில் இரண்டு ஸ்கிரீனும் சேருகிற இடத்தில் நான்கு இன்ச் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி டிராக் கிடைக்கும். பக்கவாட்டில் ஸ்கிரீனின் ஓரத்தை வளைத்துச் சுவரில் ஒரு கொக்கி போட்டு மாட்டிவிடுங்கள். நான் பார்த்தவரை துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த நான்கு ஓரங்களில்தான் இருட்டு கெடுகிறது. டிராக்குக்கு இரண்டு அடிக்கு ஒரு கிளாம்ப் போடச் சொல்லுங்கள், மூன்று அடுக்கு நல்ல கனம் வரும்.

காற்றைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. துணி வழியாகக் காற்று வரும் என்று நம்ப வேண்டாம், மூன்று அடுக்கில் வராது. கிழக்கு ஜன்னலை அவர் வருவதற்கு முன்பே, ஆறரை மணிக்கே மூடி ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள். வெயில் ஏறி அறை சூடான பிறகு இழுத்தால் சூட்டை உள்ளேயே பூட்டி வைத்த மாதிரி. ராத்திரி முழுக்க இரண்டு ஜன்னலும் திறந்திருக்கட்டும். அவர் தூங்கும்போது வடக்கு ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் போதும், அங்கே கிழக்கு மாதிரி நேர் வெயில் கிடையாது. அந்த ஜன்னலுக்குக் கருநீலத்தோடு கறுப்பு பாப்ளின் மட்டும் வைத்து, நீளமான பிராக்கெட்டில் சுவரிலிருந்து ஆறு இன்ச் தள்ளி மாட்டுங்கள். காற்று கீழ் வழியாக உள்ளே வரும், வருகிற வெளிச்சம் தரையோடு நின்றுவிடும்.

ஓசூர் ஜன்னலோரம்:

பட்டு சரசரக்கிறது என்றால் அந்த மடிப்பில் இழை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே தொங்கவிட்டால் சொந்தக் கனத்திலேயே அந்த இடத்தில் கோடு மாதிரிக் கிழியும். பதற வேண்டாம், காப்பாற்றலாம்.

முதலில் புடவையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எங்கெல்லாம் மடிப்புக்கோடு இருக்கிறது என்று பாருங்கள். புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும், வாசல் ஏழடி என்றால் மடிப்புகளோடு ஒரு பீஸுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர், ஆக இரண்டு பீஸ் தாராளமாக வரும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அதனால் இற்ற மடிப்பு எதையாவது தவிர்க்க முடியுமா என்று வெட்டுவதற்கு முன் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். முந்தானை இரண்டில் ஒரு பீஸின் கீழ்ப்பக்கம் வந்தால் அழகு, ஆனால் அங்கேதான் ஜரிகை கனம் அதிகம், அந்தக் கனம் மேலே உள்ள பட்டை இழுக்கும். இற்ற புடவைக்கு நான் முந்தானையை வெட்டித் தனியாக, வாசலுக்கு மேலே ஒரு பட்டையாகத் தைக்கச் சொல்வேன்.

அப்புறம் ஃபிளானலுக்கு முன்னால் ஒன்று வேண்டும். பட்டுக்கு நேர் அடியில் மெல்லிய மல் துணி, அதே அரக்கு நிறத்துக்குக் கிட்டத்தட்ட. மல் துணியை விரித்து அதன் மேல் பட்டைத் தளர்வாகப் படுக்கவைத்து, மடிப்புக்கோடு இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் பட்டு நூலால் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போடுங்கள். இனிமேல் கனத்தைத் தாங்கப்போவது மல்தான், பட்டு அதன் மேல் சும்மா இருக்கும். அதற்குப் பின்னால் ஃபிளானல், கடைசியில் லைனிங். மல், ஃபிளானல், லைனிங் மூன்றையும் முன்னாலேயே துவைத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள். பட்டை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள். இந்த ஸ்கிரீனை நீங்கள் துவைக்கவே போவதில்லை, மாதம் ஒரு முறை மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும்.

இதற்குப் பாலியஸ்டர் சாட்டின் லைனிங் வேண்டாம். வாசலில் போகவரும்போது கை பட்டால் வழுக்கி இழுக்கும், அந்த இழுவை பட்டில் விழும். வெறும் வெள்ளைக் காட்டனே போதும். பூஜை அறைக்குள் நேர் வெயில் வரும் என்றால் சொல்லுங்கள், பட்டுக்கு வெயிலைப் போல எதிரி வேறில்லை. விளக்கு எரிகிற இடத்திலிருந்தும் தள்ளியே கட்டுங்கள், இழுத்துக் கட்ட ஒரு கயிறு கட்டாயம் வையுங்கள்.

மலைவீடு, கிருஷ்ணகிரி:

பூஜை அறையில் வெயில் வராது அக்கா, உள்பக்கம்தான். விளக்கு மூன்றடி தள்ளி இருக்கிறது, கயிறும் வைத்துவிடுகிறேன். மாமியாரிடம் மல் துணி வைத்துத் தைப்பதைப் பற்றிச் சொன்னேன். "நானே ஓட்டுத்தையல் போடுகிறேன், கண்ணாடியை எடுத்து வா" என்று உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வெட்ட மட்டும் மனசு வரவில்லை என்கிறார், இரண்டு நாள் யோசிக்கட்டும்.

பாலக்கோடு அண்ணா, ஹாலுக்கு மூங்கில் தட்டி சொல்லிவிட்டோம். உள்ளே வெள்ளைக் காட்டன், கழற்றுகிற மாதிரி.

இன்று காலை ஒரு சோதனை செய்தேன். கடையில் மூன்று பூச்சு லைனிங் ஒரு முழம், கறுப்பு பாப்ளின் ஒரு முழம், வெள்ளைக் காட்டன் ஒரு முழம் வாங்கி வந்து, ஒன்பது மணிக்குக் கிழக்கு ஜன்னல் கம்பியில் இரண்டு விதமாகவும் கிளிப் போட்டு மாட்டினேன். பூச்சுத் துணியில் துளி வெளிச்சம் இல்லை, ஆனால் கால் மணி நேரத்தில் ஒரு ரப்பர் வாடை வந்தது. கருநீலமும் பாப்ளினும் வெள்ளையும் சேர்த்து மாட்டியதில், கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் மட்டும் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறது, கட்டிலில் படுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரர் படுத்துப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்றார். பாப்ளின் பத்து மீட்டராகவே வாங்கிவிட்டேன், இப்போது பின்கட்டில் இரண்டாவது அண்டாவில் ஊறுகிறது, தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது.

காவேரிப்பட்டணம் அண்ணா, மூன்று தண்ணீருக்கு மேலும் சாயம் போனால் என்ன செய்வது?

காவேரிப்பட்டணம் தையல்:

மறுபடி அலசுங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை அதன் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் கறை ஒட்டாத வரைக்கும் அலசணும். ஐந்து தண்ணீருக்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணி இதற்கு ஆகாது, உள்பாவாடைக்கு எடுத்து வைத்துவிட்டு வேறு தானிலிருந்து ஒரு முழம் வாங்கி, இதே மாதிரி சோதித்துவிட்டு அப்புறம் மொத்தமாக எடுங்கள்.